மிளகாய் நாளில் கோதுமை

அந்த அக்காவிடம் மாவு அரைக்கக் கொடுத்தால் முதலில் ஒரு கேள்வி வரும். "இன்னா பண்ணப் போறீங்க?" என்பார். வம்புக்குக் கேட்கிறார் என்றுதான் புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். "அது எதுக்குங்க உங்களுக்கு, அரைச்சுக் குடுங்க" என்று முதல் நாளே முறைத்துக்கொண்டேன். அக்கா மெஷினை நிறுத்திவிட்டார். "அடைக்குன்னா கொரகொரன்னு விடணும். புட்டுக்குன்னா ரவ மாதிரி. முறுக்குக்கு நைஸா. நீங்க சொல்லலன்னா நான் எதுல வைக்கறது? வூட்ல போய் முறுக்கு எண்ணெயில வெடிச்சா எம்மேல வந்து உழுவீங்க." வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். சப்பாத்திக்கு என்று நான் வாயைத் திறந்து சொன்ன பிறகுதான் என் கோதுமை மேல் தொட்டிக்கு ஏறியது.

இது நடந்து பத்து வருடம் இருக்கும். நான் மூலக்குளத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில வாத்தியார். வில்லியனூரிலிருந்து கரிக்கலாம்பாக்கம் போகிற சாலையில், ஒரு தெருவுக்குள் மாடி அறை எடுத்துத் தங்கியிருந்தேன். எதிரே அந்த மில். மில் என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு மோட்டார், ஒரே ஒரு மெஷின், மாவு கொட்டுகிற துணிக்குழாய், தரையில் வரிசையாகத் தூக்குகளும் டப்பாக்களும். அக்காவின் புருவமும் மூக்குத்தியும் எப்போதும் வெள்ளை பூத்திருக்கும். நாற்பதைத் தாண்டாத பெண்ணைப் பார்க்க அறுபது மாதிரி இருக்கும், முகத்தைக் கழுவினால் இருபது வயது குறைந்துவிடும்.

துணிக்குழாயிலிருந்து மாவு சூடாக இறங்கும்போது அக்கா ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பார். தேய்க்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். பிறகு ஒன்று, "நைஸ்" என்று சொல்லித் தூக்கை நகர்த்துவார். இல்லை, ஒன்றுமே சொல்லாமல் மொத்த மாவையும் மறுபடி மேலே கொட்டுவார். அவசரம் அக்கா, பஸ்ஸு போயிடும், விருந்தாளி வந்து உக்காந்திருக்காங்க என்று யார் என்ன கெஞ்சினாலும் நடக்காது. அவர் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வராமல் ஒரு பிடி மாவு அந்த மில்லை விட்டு வெளியே போகாது.

எனக்கோ அந்த வார்த்தையோடு ஜென்மப் பகை. எட்டாம் வகுப்பு நோட்டைத் திறந்தால் எங்கள் ஊர் நைஸ், எங்கள் அப்பா நைஸ், பிரதமர் நைஸ், பசு மாடும் நைஸ். கட்டுரைக்குக் கட்டுரை அதைச் சிவப்பு மையால் சுழித்தே என் பேனா தீர்ந்தது. அந்த வார்த்தைக்கு ஒரு அர்த்தமும் இல்லை, ஒன்றும் தெரியாதவன் எழுதுகிற வார்த்தை என்று வகுப்பில் கத்துவேன். ஒரு நாள் சும்மா அகராதியைப் புரட்டியபோது அப்படியே ஆடிப்போனேன். அதன் ஆதி அர்த்தமே அதுதானாம். லத்தீனில் 'ஒன்றும் தெரியாதவன்' என்ற சொல்லாகப் பிறந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் கையில் கோதுமைப் பையோடு போய் அக்காவிடம் கொட்டித் தீர்த்தேன். லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சுக்குப் போனபோது அதற்கு 'மக்கு' என்று பொருள். இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிய பிறகும் கொஞ்ச காலம் மக்காகவே இருந்தது. அப்புறம் கூச்ச சுபாவக்காரன், அப்புறம் எதைக் கொடுத்தாலும் நொட்டை சொல்கிற ஆள், அதிலிருந்து ரொம்பத் துல்லியமான, நுணுக்கமான என்று மாறி, கடைசியில்தான் இனிமையான, நல்ல என்று வந்து நின்றது. நம் ஊருக்கு வந்தபோது அந்த நுணுக்கம்தான் மாவில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம். நான் பேசி முடிப்பதற்குள் இரண்டு பேர் மாவு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மக்கா கெளம்பி, இம்மாம் தூரம் சுத்திகினு வந்து, எங்க மில்லுல வந்து மாவு ஆயிடுச்சா? பரவால்ல சார். எங்கெங்கியோ சுத்தினது கடைசில உருப்பட்டுச்சு."

அவரும் அந்த வார்த்தையை மாவுக்கு மட்டும் வைத்திருக்கவில்லை. சொல்லாமல் நழுவுகிறவன் நைஸாகக் கழண்டுகொண்டவன். முகஸ்துதி பாடினால் "எங்கிட்ட நைஸ் பண்ணாதீங்க" என்று வெட்டிவிடுவார். மெல்லக் கேட்டுப் பார் என்பதற்கு "நைஸா கேட்டுப் பாரு". ஆனால் ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவர் அதைப் பயன்படுத்தி நான் கேட்டதில்லை. எந்த மனுஷனையும் நைஸ் என்று சொல்ல மாட்டார். வேறு யாராவது சொன்னால் சண்டைக்கு வருவார். அதற்குக் காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் தெருவில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது அக்காவுக்கு அவரவர் தூக்கைப் பார்த்தே தெரியும். அரிசி கொண்டுவந்த வீடு திடீரென்று கேழ்வரகுக்கு மாறினால் சர்க்கரை வந்துவிட்டது. கொள்ளு சேர்ந்தால் யாரோ உடம்பைக் குறைக்கிறார்கள். சத்துமாவுக்குப் பொட்டுக்கடலையும் பாசிப்பயறும் வறுத்துக் கொண்டுவந்தால் குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்தது. பெயர் தெரியாத ஆளையும் தூக்கின் நெளிசலை வைத்து அடையாளம் சொல்வார்.

அந்தச் சத்துமாவில்தான் நானும் ஒரு முறை மாட்டினேன். ஒரே மாதிரி இரண்டு டப்பா பக்கத்தில் பக்கத்தில் இருந்ததில், எவளோ ஒரு தாய் தன் பிள்ளைக்கு அரைத்து வைத்ததை நான் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். இரண்டு நாள் அதில் தோசை வார்த்துத் தின்றேன். கோதுமை இந்தத் தடவை ரொம்ப வாசமாக இருக்கிறதே என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் அந்தப் பெண் மில்லில் நின்று அழுதுகொண்டிருந்தாள். ஜன்னலிலிருந்து பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. முதலில் ஜன்னலைச் சாத்தினேன். கொஞ்ச நேரம் கட்டிலில் உட்கார்ந்தேன். பிறகு எழுந்து போய், முழு வரிசையின் முன்னால், "நான்தாங்க தின்னுட்டேன்" என்றேன். தெரு ஒரு மாதம் என்னைப் பார்த்து, "இன்னா சார், எத்தன கிலோ ஏறியிருக்கீங்க?" என்று கேட்டது. அக்கா மட்டும் கேலி செய்யவில்லை. நான் வாங்கிக் கொடுத்த பயறுகளை அவரே வறுத்து, அவரே அரைத்து, அந்தப் பெண்ணிடம் கொடுத்தார்.

இனி என் கதைக்கு வருகிறேன். அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. அம்மா ஊரிலிருந்து பெண் தேடிக்கொண்டிருந்தார். ஜாதகம் பொருந்தும், போட்டோ பிடிக்கும், பெண் வீட்டார் வந்து "ஒரு வார்த்தை விசாரிச்சிட்டுச் சொல்றோம்" என்பார்கள். அத்தோடு சரி, போன் வராது. ஒன்றல்ல, நான்கு இடம் இப்படியே போயின. எனக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது. எங்கே இடிக்கிறது என்றே புரியவில்லை.

நான் குடியிருந்த வீட்டின் ஓனர்தான் கடைசியில் போட்டு உடைத்தார். "சார், உங்கள விசாரிக்க வர்றவங்க நேரா எங்க போறாங்க தெரியுமா? எதிர்ல. தெருவுல எல்லாரும் நல்ல பையன், நைஸ் பையன்னுதான் சொல்றோம். அந்தம்மா மட்டும் விரல மடக்கி மடக்கி எண்ணுது."

எனக்கு உச்சி மண்டை சூடாகிவிட்டது. செருப்புக்கூடப் போடாமல் இறங்கிப் போனேன். "அக்கா, என்னப் பத்தி இன்னா சொன்னீங்க?"

"இருக்கறத சொன்னேன்."

"நாலு இடம் போச்சுக்கா."

"கேட்டாங்க சார். கேக்கலன்னா நான் ஏன் வாயத் தொறக்கப் போறேன்?"

அப்போதுதான் அந்தக் காரணத்தைச் சொன்னார். அக்கா கடற்கரை ஊரான நல்லவாட்டுப் பெண். படகு கரையேறுகிற நேரத்தில் போய் நின்று, துள்ளுகிற மீனைக் கொண்டுவந்து குழம்பு வைத்து வளர்ந்தவர். அவருக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அப்பாவும் மாமாவும் இந்தத் தெருவுக்கு வந்து பத்துப் பேரிடம் விசாரித்தார்களாம். "பத்து பேரும் நைஸ் பையன், நைஸ் பையன்னாங்க. கட்டிகினு வந்தேன். மறுநா மீனு வாங்கியாந்து கொழம்பு வச்சேன். மனுஷன் வாசல்ல போய் நின்னுகினாரு. சின்ன வயசுல முள்ளு மாட்டிகிச்சாம், அதுலேர்ந்து மீன் வாடையே ஆவாதாம். பதினாறு வருஷம் ஆவுது சார், எங்கூட்டு அடுப்புல மீன் சட்டி ஏறல. பத்து பேர்ல ஒருத்தன், ஒரே ஒருத்தன், இத சொல்லியிருக்கலாமா இல்லையா?"

"சொல்லியிருந்தா கட்டிக்கிட்டிருக்க மாட்டீங்களா?"

"கட்டியிருப்பேன். நல்ல மனுஷன்தான். ஆனா தெரிஞ்சி கட்டியிருப்பேன். வரும்போதே மில்லுல ஒரு அடுப்பு போடச் சொல்லியிருப்பேன்." மோட்டாருக்குப் பின்னால் ஒரு சின்ன மண்ணெண்ணெய் ஸ்டவ் இருந்தது. மத்தியானம் கதவை ஒருக்களித்துவிட்டு அங்கேதான் தன் மீனைச் சமைத்துச் சாப்பிடுவார். கேழ்வரகு மாவில் ஏன் சில நாள் நெத்திலி வாசம் வருகிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஐந்தாவதாக வந்த இடம் பாகூர்ப் பக்கம். விவசாயக் குடும்பம், பெண் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். கோயிலில் வைத்துப் பார்த்தோம். பிரகாரத்தில் பத்து நிமிஷம் பேச விட்டார்கள். அவள் நேரே என்னைப் பார்த்து, "உங்களப் பத்தி ஒரு கெட்டது சொல்லுங்க" என்றாள். நான் திடுக்கிட்டு, "அப்படி எதுவும் இல்லீங்க" என்றேன். "சரி" என்று சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டாள். அந்தச் சிரிப்பு என்னைத் தூங்கவிடவில்லை. போன நான்கு இடமும் போனதில் எனக்குக் கோபம்தான் இருந்தது. இது போய்விடுமோ என்று பயம் வந்தது. எனக்கு அவள்தான் வேண்டும் என்று பயத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மறுபடி அக்காவிடம் போனேன். இந்த முறை செருப்புப் போட்டுக்கொண்டு, கையில் இரண்டு மைசூர்பாகு டப்பாவோடு. "அக்கா, இந்த ஒரு தடவ மட்டும். வந்து கேட்டா நைஸ் பையன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"நீங்கதானே அந்த வார்த்தைய எழுதுற பசங்களத் திட்டறவரு?"

"திட்ட மாட்டேன் இனிமே."

"மொதல்ல அதுக்கு மக்குன்னுதான் அர்த்தம்னீங்களே. அந்த அர்த்தத்துல வேணா சொல்றேன்." டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார். "நைஸ் பண்ணாதீங்க சார். கேட்டா சொல்லுவேன். கேக்கலன்னா சொல்ல மாட்டேன். அவ்ளோதான்."

கேட்க மாட்டார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள்.

ஞாயிறு அந்த மில்லில் மிளகாய் நாள். ஒரே மெஷின் என்பதால் அன்று முழுக்க மிளகாயும் தனியாவும் மட்டும்தான். திங்கள் காலையில் நொய்யரிசியைப் போட்டு ஓட்டி, காரத்தையெல்லாம் எடுத்துக் கொட்டிய பிறகே மற்ற மாவு. சுற்றுப்பட்டில் ஒருவரும் ஞாயிற்றுக்கிழமை கோதுமையோடு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். நான் பத்து மணிக்கு எழுந்து ஜன்னலைத் திறந்தால், வரிசையில் வேட்டி கட்டிய ஒரு பெரியவரும் ஒரு அம்மாளும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள். பெரியவர் தும்முகிறார். அவர் கையில் பளபளவென்று கடை பாக்கெட்டில் கோதுமை. அந்த அம்மாளைக் கோயிலில் பார்த்திருக்கிறேன். பெண்ணின் பெரியம்மா. பக்கத்தில் இருந்தவர் தாய்மாமா. ஆளை வேவு பார்க்க, மாவு அரைக்கிற சாக்கில் வந்திருக்கிறார்கள். வந்ததுதான் வந்தார்கள், எந்த நாளில் எதைத் தூக்கிக்கொண்டு வருவது என்று தெரியாமல் வந்து நின்றார்கள்.

அக்கா கோதுமை பாக்கெட்டைப் பார்த்தார். அவர்களைப் பார்த்தார். நிமிர்ந்து என் ஜன்னலைப் பார்த்தார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். மெஷின் நின்றது. தெருவே கேட்க அக்கா கேட்டார்: "மாவுக்கு வந்தீங்களா, மாப்பிள்ளைக்கு வந்தீங்களா?"

பெரியவர் என்ன பதில் சொன்னார் என்று தெரியாது. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்ததால் அக்கா மெஷினை மறுபடி போட்டுவிட்டார். அதற்கு மேல் எனக்குக் கேட்டதெல்லாம் மோட்டார் சத்தம்தான். ஆனால் ஓரமாக எட்டிப் பார்த்தபோது கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு கையால் மிளகாயைத் தள்ளிக்கொண்டே மறு கையில் அக்கா விரல்களை நீட்டினார். ஒன்று. இரண்டு. பெரியம்மா தலையை ஆட்டினார். மூன்று, நான்கு, ஐந்து. அந்தக் கை தீர்ந்ததும் மிளகாயை விட்டுவிட்டு அடுத்த கைக்கு வந்தார். ஆறு, ஏழு. எட்டாவது விரலை நீட்டுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதையும் நீட்டினார். அவர்கள் அரைக்காத கோதுமையோடு திரும்பிப் போனார்கள். நான் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டேன். அன்றைக்கு நெடி மாடி வரைக்கும் வந்திருந்தது, கண்ணில் தண்ணீர் வந்த பழியை அதன் மேல் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை அம்மா போன் செய்தார். பெண் வீட்டில் சரி என்றுவிட்டார்கள். நான் இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டேன். ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். "அப்படியா, நல்லது" என்றார், கேழ்வரகைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே.

கல்யாணமாகி ஒரு வாரம் கழித்துத்தான் அவளிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னாள். கோபம் வரும், ஐந்து நிமிஷத்தில் அடங்கும், அடங்கினால் மன்னிப்புக் கேட்கத் தெரியாது, டீ வாங்கிக் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டால் கேட்கிறவர் காது போய்விடும். நான்காவதாக, கோதுமையில் கல் பொறுக்காமல் கொண்டுவருவார், கேட்டால் பொறுக்கிவிட்டேன் என்று கூசாமல் புளுகுவார். கொடியில் துணி மூன்று நாள் மழையில் நனையும். அம்மா போன் செய்தால் நின்றுகொண்டுதான் பேசுவார். முன்தலையில் முடி போவதை வாரி மறைத்திருக்கிறார்.

"ஏழுதான் ஆச்சு. எட்டாவது?"

"தப்பு பண்ணா மறைக்கப் பார்ப்பாரு, முடியாது, அவரே வந்து ஒத்துக்குவாராம். சத்துமாவு கதையச் சொன்னாங்களாம்."

"இதக் கேட்டுமா சரின்னு சொன்ன?"

"தெருவுல எல்லாரும் நைஸ் பையன், நைஸ் பையன்னு சொன்னாங்களாம். மாமா அத வந்து சொன்னப்ப எனக்கு உங்க மூஞ்சியே ஞாபகத்துக்கு வரல. அந்தக்கா சொன்னதச் சொன்னப்பதான் ஒரு ஆளு தெரிஞ்சாரு. கொடியில துணிகூட தெரிஞ்சுது."

அடுத்த வாரம் இருவரும் கோதுமையோடு மில்லுக்குப் போனோம். திங்கட்கிழமை பார்த்துத்தான் போனோம். அக்கா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மீனு துன்னுவாரு, அது சொல்ல மறந்துட்டேன்" என்றார். எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது.

"அந்த நாலு இடத்துக்கு இன்னாக்கா சொன்னீங்க?"

"இதே எட்டுதான். ஒண்ணு கூட்டல, ஒண்ணு கொறைக்கல."

"அப்புறம் ஏன் வேணாம்னாங்க?"

"அவங்களுக்கு நைஸ் மாப்பிள்ள வேணும் சார்."

சொல்லிவிட்டு என் கோதுமையை முறத்தில் கொட்டிக் கையால் அளைந்தார். ஒரு கல் இல்லை, ஒரு தூசி இல்லை. நம்ப முடியாமல் இன்னொரு முறை அளைந்தார். "இது யாரு பொறுக்கினது?"

"நான்தான்" என்றேன்.

அக்கா என்னையே பார்த்தார். பக்கத்தில் என் மனைவி எதிர்ப்பக்கம் பார்த்தபடி நான்கு விரல்களை நீட்டினாள்.

"அவதான் பொறுக்கினா" என்றேன்.

அவள் திரும்பாமலே மற்ற கையையும் தூக்கி எட்டாக்கினாள். அக்கா சிரித்துக்கொண்டே கோதுமையை மேலே கொட்டி, சப்பாத்திக்கா பூரிக்கா என்று அவளிடம் கேட்டார்.